யாரோடது என்று கேட்கிறவர்

பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பத்திரத்தைக் கடைசி வரி வரை படித்தவர்கள் அதில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், ஒரு கையில் விரல் மிச்சமாகும். அவர்களிலும் பாதிப் பேர் வக்கீல்கள். தாங்கள் எழுதியதைத் தாங்களே ரசித்துப் படித்தவர்கள். அதனால், என் வீட்டு மேல்மாடிக்குக் குடிவந்தவர் பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஒரு நாள் குடுங்க மதாம், படிச்சுட்டுத் தரேன்" என்றபோது, ஆள் வம்பு பிடித்தவர் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் வந்து ஏழாவது ஷரத்தில் விரலை வைத்தார்.

"இதுல 'மேற்படி வீட்டைச் சேர்ந்த சகல பாத்தியதைகளும்'னு போட்டிருக்கே. அதுல சத்தமும் வருமா?"

"என்ன சத்தம்?"

"உங்க வாசக் கேட்டு. தொறக்கும்போது ஒண்ணு சொல்லுது, மூடும்போது வேற ஒண்ணு சொல்லுது. அதைப் பதிவு பண்ணி என் ஆட்டத்துல வெச்சுக்கணும். கேட்டு உங்களுது. சத்தம் யாரோடது?"

நான் எண்ணெய் விடாமல் போட்டுவைத்திருந்த கேட்டுக்கு இப்படி ஒரு மரியாதை வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "எழுத்துல குடுத்துடுங்க மதாம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். காணி, மனை, கிணற்றில் கால் பங்கு, தென்னையில் இரண்டு மரம் என்று எத்தனையோ பாத்தியதைகளை என் கையால் பதிந்திருக்கிறேன். கீச்சொலிக்கு அனுமதிக் கடிதம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அவர் மேல்மாடியைக் காலி செய்து ஒன்றரை வருஷமாகிறது. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். சொல்ல வந்தால் எந்தப் பெயரைச் சொல்வது என்ற சிக்கல் வரும்; அது பின்னால் வரும் கதை.

வயது நாற்பத்திரண்டு இருக்கும். கனத்த உடம்பு. என் வீட்டு மாடிப்படி குறுகலானது. அவர் அதில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் ஏறுவார். கழுத்தில் எப்போதும் ஒரு பெரிய ஹெட்ஃபோன், டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப் தொங்குகிற மாதிரி. சொல்தா குடும்பம். அதாவது, அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அம்மாவும் அக்காவும் குருசுக்குப்பத்தில் சொந்த வீட்டில் இருந்தார்கள். அண்ணன் பிரான்சில். சென்னையில் ஏதோ கம்பெனியில் பல வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் அதை விட்டுவிட்டு, தனியாளாக உட்கார்ந்து வீடியோ கேம் செய்ய ஆரம்பித்தவர். வேலை செய்ய அமைதியான இடம் தேடி, சந்தடி ஓயாத நெல்லித்தோப்புக்கு வந்த ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார். கேட்டேன். "வீட்டுல டிவி சத்தம் மட்டுந்தான் மதாம். இங்க எல்லாச் சத்தமும் கெடைக்குது" என்றார்.

எந்தச் சத்தம் கேட்டாலும் அவருக்கு ஒரே கேள்விதான். யாரோடது? அடுத்த தெருவில் மைக்செட் பாடினால், பாட்டு எது என்று கேட்கமாட்டார்; மைக்செட்காரர் யார், அந்தப் பாட்டைப் போட அவர் யாரிடம் கேட்டார் என்று கேட்பார். மைக்செட்காரர் யாரிடமும் கேட்டதில்லை என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர் நேரில் போய் விசாரித்துவிட்டு வந்தார். "கேட்டா சிரிக்கிறாரு மதாம்" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

அவர் செய்துகொண்டிருந்த ஆட்டத்தை எனக்கு ஒரு நாள் போட்டுக் காட்டினார். துப்பாக்கி, கார் ரேஸ் எதுவும் இல்லை. ஒரு பஸ் ஸ்டாண்டு. அதில், தொலைந்துபோன பொருள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கௌண்டர். ஆடுகிறவர்தான் கௌண்டர் குமாஸ்தா. குடை, டிபன் கேரியர், ஒற்றைச் செருப்பு, பல் செட்டு என்று ஒவ்வொன்றையும் கேட்டு ஆட்கள் வருவார்கள். சில பேர் பொய் சொல்வார்கள். கேள்வி கேட்டு, பதிலைக் கவனித்து, பொருளை உரியவரிடம் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுதாக ஒரு மணி நேரம் ஆடினேன். பிறகு சொன்னேன்: "பொருளைக் குடுக்கிறீங்க, பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்து வாங்கலையே? நாளைக்கு இன்னொருத்தன் வந்து என் குடை எங்கன்னா என்ன காட்டுவீங்க?"

சிரிப்பார் என்று நினைத்தேன். நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் ஆட்டத்தில் ஒரு பெறுகைப் பதிவேடு வந்திருந்தது; கட்டை விரல் ரேகைக்குத் தனி இடத்தோடு.

அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு ஆள் கௌண்டருக்கு வரும்போதும் ஆரம்பிக்கிற ஒரு சின்ன இசை. ஒற்றைப் பியானோ. ஒன்றே முக்கால் நிமிஷம். அது முடிவதற்குள் பொருளை யாரிடம் கொடுப்பது என்று தீர்மானித்துவிட வேண்டும். கேள்வி, பதில், வந்தவர் தலையைச் சொறிவது, பொய் சொல்கிறவர் ஜன்னல் பக்கம் பார்ப்பது எல்லாமே அந்த இசையின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடிதான் நடக்கும். மூன்று வருஷமாக அந்த ஒன்றே முக்கால் நிமிஷத்துக்குள்தான் அவர் முழு ஆட்டத்தையும் கட்டியிருந்தார்.

"நீங்க போட்டதா?" என்று கேட்டேன்.

"எனக்குக் காது இருக்கு மதாம், கை இல்ல. இது ராயல்டி ஃப்ரீ."

"ஃப்ரீன்னா சும்மா குடுக்கிறதா?"

"அய்யோ, இல்ல. எல்லாரும் அப்படித்தான் நெனைச்சு மாட்டிக்கிறாங்க. நெட்டுல இசைக் கிடங்கு இருக்கு. புடிச்சதை எடுத்து, ஒரு தடவை காசு கட்டி லைசென்ஸ் வாங்கணும். அதுக்கப்புறம் ஆட்டத்தைப் பத்து பேரு வாங்கினாலும் பத்தாயிரம் பேரு வாங்கினாலும் தலைக்கு இவ்ளோன்னு தனியாத் தர வேணாம். அதுதான் ஃப்ரீ. பாட்டு அவங்களுதுதான். வெச்சுக்க மட்டும் நமக்கு உரிமை. என்னைப் போல இன்னும் நூறு பேரும் அதே பாட்டை வாங்கியிருப்பாங்க."

"வழிப்பாதை உரிமை மாதிரி" என்றேன். "நிலம் அவனுது. நீங்க நடந்து போகலாம். பக்கத்து வீட்டுக்காரனும் நடப்பான். யாரும் வேலி போட முடியாது."

நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "மதாம், இத்தனை வருஷத்துல யாரும் எனக்கு இதை இப்படிச் சொல்லல."

முப்பத்தோரு வருஷம் உத்தியோகம் பார்த்து எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அது ஒன்று. மற்றது, ஓய்வுபெற்ற அன்று கொடுத்த சுவர்க் கடிகாரம். அது ஓடவில்லை.

லைசென்ஸ்களை நீல நிற ஃபைல் ஒன்றில் வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு சட்டம். ஒன்றில் விளம்பரத்துக்கு உண்டு, வீடியோ கேமுக்குக் கிடையாது. இன்னொன்றில் கேமுக்கு உண்டு, ஆனால் ஒரே ஒரு கேமுக்கு. வேறொன்றில் இசையைத் தனியாகப் பிரித்துக் கேட்கும்படி வைக்கக் கூடாது. இந்த ஷரத்தால் ஒரு ரேடியோ போனது. கௌண்டரில் பழைய ரேடியோ ஒன்று வைத்திருந்தார். ஆடுகிறவர் அதைத் திருகினால் இசை மட்டும் வரும். ஷரத்தைப் படித்த அன்றே ரேடியோவை எடுத்துவிட்டார். "யாரு பாக்கப்போறா தம்பி?" என்றேன். "நான் பாத்துட்டேனே மதாம்" என்றார்.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு அவர் ஒரு சனிக்கிழமை என்னோடு வந்ததையும் சொல்ல வேண்டும். நான் மீன் வாங்கப் போகிறவள். அவர் ஏலம் விடுகிற சத்தத்தைப் பதிவு செய்ய வந்தார். பதிவு செய்யும் முன்பே, ஏலம் கூறிக்கொண்டிருந்த அம்மாளிடம் ஒரு தாளை நீட்டி, உங்கள் குரலை என் ஆட்டத்தில் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று கேட்டார். அந்த அம்மாள் கூடையைத் தாண்டி வந்து தாளையும் அவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏ, இங்க வாங்கடி! மீனு வேணாமாம். சத்தம் மட்டும் போதுமாம் இந்த ஆளுக்கு!"

"கிலோ என்ன வெலன்னு கேளு!" என்றது ஒரு குரல்.

"செதில் எடுத்துத் தரணுமா, அப்படியே போதுமான்னு கேளுடி!"

இவர் முகம் மாறாமல் நின்றார். "உங்க குரல்தானம்மா. உங்களைக் கேக்காம எப்படி எடுக்கறது?"

அந்த அம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "இதோ, தினம் பத்து பேரு போனைத் தூக்கிக்கினு வந்து என்னைப் படம் புடிக்கிறானுங்க. ஒருத்தனும் கேட்டதில்ல" என்றாள். "இரு, வெத்தலையைத் துப்பிட்டு வரேன்." துப்பிவிட்டு வந்து, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, இல்லாத சங்கரா மீனை ஐந்து நிமிஷம் ஏலம் விட்டாள். நிஜமாகவே இரண்டு பேர் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படி ஒவ்வொரு சத்தத்துக்கும் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்தவருக்கு, அந்தப் பியானோவுக்கு உரியவர் மட்டும் அகப்படவில்லை. கிடங்கில் வாசித்தவர் பெயருக்குப் பதில் ஒரு பறவையின் பெயரும் இரண்டு எண்ணும்தான் போட்டிருந்தது. ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று மூன்று தடவை எழுதியிருக்கிறார். கலைஞர்களின் விவரங்களை வெளியிடுவதில்லை என்று மூன்று தடவையும் ஒரே பதில், ஒரே எழுத்தில். சரியான அலுவலகப் பதில்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் அனுப்பியிருப்பேன்.

அதற்காக அவர் விடவில்லை. ஐம்பதாவது விநாடியில் யாரோ மூச்சை இழுக்கிற சத்தம் இருக்கிறது என்றார். ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை கேட்டது. பியானோவுக்குப் பின்னால், மெல்ல, ஒரு மனிதர்.

"வயசானவரு மதாம். வாய் வழியா இழுக்கறாரு பாருங்க."

"சளி புடிச்ச சின்ன ஆளாக்கூட இருக்கலாம்."

இரண்டு நாள் அதைப் பற்றி யோசித்துவிட்டு வந்து, இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்.

இனி அந்தப் பெயர் விஷயம்.

ஆட்டம் முடியும் தறுவாயில், இணையத்தில் வீடியோ கேம் விற்கும் பெரிய கடை ஒன்று ஒரு வாரத் திருவிழா அறிவித்திருந்தது. புதிய ஆட்டங்களின் மாதிரியை அந்த வாரம் எல்லாரும் ஆடிப் பார்க்கலாம். தனியாளாக ஆட்டம் செய்கிறவர்களுக்கு அந்த ஒரு வாரம்தான் எல்லாம். அதில் யார் கண்ணிலும் படாவிட்டால் அப்புறம் யாரும் தேடி வரமாட்டார்கள். இவருடைய ஆட்டத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு இவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: திருவிழாவில் எடுபடாவிட்டால் ஆட்டத்தைக் கட்டிவைத்துவிட்டுப் பிரான்சுக்கு வந்து, அண்ணன் வேலை பார்க்கிற சரக்குக் கிடங்கிலேயே சேர்ந்துவிடுவதாக. அம்மாவுக்கும் அது தெரியும். விமானச் சீட்டு விலையை அண்ணன் அவ்வப்போது பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை திருவிழா. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை கடையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் ஆட்டத்தில் வரும் பியானோ இசை எங்கள் பாடகிக்குச் சொந்தமானது என்று ஒரு நிறுவனம் புகார் செய்திருக்கிறது. இது தீரும்வரை உங்கள் பக்கத்தை மறைத்து வைக்கிறோம். உங்களுக்கு உரிமை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் அனுப்பவும்.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கி வந்தார். மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அதே பாதையில நடந்த ஒருத்தி வேலி போட்டுட்டா" என்றேன். "உங்ககிட்டதான் லைசென்ஸ் இருக்கே? அனுப்பிட்டுப் போய்த் தூங்குங்க."

"இருக்கு. அதுல இன்னொரு பேரு இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். லைசென்ஸ் ஒரு பெயரில். கடையில் அவர் கணக்கு வேறொரு பெயரில்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில், பிரெஞ்சுத் தாளில் ஒரு பெயர் இருக்கும்: கொள்ளுத்தாத்தா எடுத்துக்கொண்ட குடும்பப் பெயரும், கோவிலில் வைத்த ஞானஸ்நானப் பெயரும். பள்ளிக்கூடத்தில் இவரைச் சேர்க்கப் போன பெரியப்பாவோ, வீட்டில் கூப்பிடுகிற தமிழ்ப் பெயரையும் அப்பா பெயரின் முதல் எழுத்தையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். சான்றிதழ், சென்னை வேலை, அங்கிருந்தபோது வாங்கிய அந்தப் பியானோ லைசென்ஸ் எல்லாம் அந்தப் பெயரில். பாஸ்போர்ட்டும், கடைக்கு வரிக்காகக் கொடுத்த தாள்களும் பிரெஞ்சுத் தாளில் இருந்த பெயரில். இரண்டுக்கும் பொதுவாக ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. ஊரில் அவரை அறிந்தவர்கள் இரண்டு பெயரையும் இஷ்டத்துக்குச் சொல்வார்கள். யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. எங்கோ இருக்கிற கடைக்கு அது இரண்டு ஆட்கள்.

"ஊருல உள்ள சத்தத்துக்கெல்லாம் யாரோடதுன்னு கேட்டீங்களே தம்பி" என்றேன். "இந்த லைசென்ஸ் யாரோடது?"

சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. அவர் தாளை மடித்துக்கொண்டு, "அதான் மதாம்" என்றார்.

இசையை மாற்றிவிடலாம்தான்; ஆனால் ஆட்டம் முழுவதும் அதன் அளவுக்கு வெட்டித் தைத்தது. ஐந்து நாளில் பிரித்துத் தைக்க முடியாது. புதுப் பெயரில் லைசென்ஸ் திரும்ப வாங்கினால் தேதி புகாருக்குப் பிறகு விழும். பழைய தேதியில் தாள் தயார் செய்கிற ஆட்கள் இந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தத் தெருவின் பெயரை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் போய் விசாரித்திருப்பார்.

இரு பெயரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதுவது என் உத்தியோகத்தில் தினசரி இட்லி மாதிரி. ஆனால் அதற்கு முட்டுக்கொடுக்க இரண்டு பெயரும் சேர்ந்து நிற்கிற பழைய தாள் ஒன்று வேண்டும். இவர்கள் கோவில் பங்கில் அந்தக் காலத்துப் பாதிரிச் சாமியார்கள் ஞானஸ்நானப் பதிவேட்டில் 'என்கிற' போட்டு வீட்டுப் பெயரையும் எழுதுவது உண்டு என்று எனக்கு நினைவிருந்தது. புதன்கிழமை காலையில் இருவரும் பங்கு அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் பெரிய பதிவேட்டை இறக்கித் தூசி தட்டிப் புரட்டிக்கொண்டிருந்தபோது, மேலே ஒலிபெருக்கியில் மணி அடித்தது. என் பக்கத்தில் இருந்தவர் நிமிர்ந்தார்.

"இது பதிவு பண்ண மணிதானே? யாரு பண்ணது?"

எழுத்தர் தலையைத் தூக்கவில்லை. "மணிக்கு யாருங்க? ஆண்டவருதான்."

"இல்ல, எந்தக் கோவிலு மணி..."

"தம்பி" என்றேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க யாருன்னு மொதல்ல கண்டுபுடிப்போம்."

இருந்தது. கறுப்பு மையில், சாய்ந்த எழுத்தில், ஒரு பெயர், 'என்கிற', இன்னொரு பெயர். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். சாமியார் நல்ல கையெழுத்துக்காரர். நகல் வாங்கி, மொழிபெயர்த்து, வியாழக்கிழமை நோட்டரியிடம் கையெழுத்தானது. கடைக்கு அனுப்பும் விளக்கமாக நான் ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு முக்கால் பக்கமாகக் குறைத்தார். எதுவும் விட்டுப்போகவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையின் படிவத்தைத் திறந்தோம். கீழே இரண்டு கட்டம் இருந்தது. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். முதலாவது: புகார் செய்தவரைப் போல எனக்கும் இந்த இசையைப் பயன்படுத்த உரிமை உண்டு. இதில் போட்டால், புகார்க்காரர் புகாரைத் திரும்பப் பெறும்வரை பக்கம் மறைந்தே இருக்கும். இரண்டாவது: புகார் பொய்யானது. இதில் போட்டால் பக்கம் உடனே திரும்பும். புகார் செய்த நிறுவனத்துக்கும் எழுதி, விசாரணை முடியும்வரை அந்தப் பாடகியின் கணக்கை முடக்கச் சொல்வார்கள்.

"ரெண்டாவதுல போடுங்க" என்றேன்.

அவர் போடவில்லை. முந்தின நாள் ராத்திரி முழுக்க என்ன செய்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. புகாரில் இருந்த பாடகியின் பெயரை வைத்துத் தேடிக் கண்டுபிடித்திருந்தார். எந்த நாடோ தெரியவில்லை. சமையல்கட்டில், பின்னால் பாத்திர அலமாரி தெரிய, ஒரு பெண் அந்தப் பியானோவுக்கு மேலே தாலாட்டு மாதிரி ஏதோ பாடுகிறாள். எங்களுக்குத் தெரியாத மொழி. மொத்தமே ஐந்து பாட்டு போட்டிருந்தாள்.

"நல்லாப் பாடறா மதாம்."

"உங்க மூணு வருஷத்தை மறைச்சு வெச்சிருக்கா. குரல் நல்லா இருக்காம்! திருட்டுக் கொடுத்தவரு திருடியோட குரலைப் பாராட்டி நான் பாத்ததில்ல."

"திருடியான்னு தெரியலையே. அவளும் என்னைப் போலக் காசு கட்டி வாங்கியிருந்தா?"

"வாங்கியிருந்தா நடக்கத்தான் உரிமை. தன் நிலம்னு பதிஞ்சது தப்பு."

"தப்புதான். பொய்யின்னு சொல்லச் சொல்றாங்களே, அதுதான் எனக்குத் தெரியாது. தெரியாததுல எப்படி டிக் போடறது? போட்டா அவ அஞ்சு பாட்டையும் எடுத்துடுவாங்க."

"திங்கக்கெழமை உங்க பக்கம் வரலன்னா?"

"அண்ணங்கிட்டப் போவணும்."

இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கழுத்திலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தார். அதைக் கீழே வைத்து நான் அதுவரை பார்த்ததில்லை. கழுத்தில் அது அழுத்திய இடம் வெளுத்திருந்தது.

முதல் கட்டத்தில் டிக் போட்டு அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு முந்தின நாளே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருந்தார். எனக்குப் படித்துக் காட்டினார். என்னிடமும் இதே இசைக்கு லைசென்ஸ் இருக்கிறது, உங்களிடமும் இருக்கலாம், புகார் தவறுதலாகப் போயிருக்குமோ என்று கேட்கிறேன் என்று நாலு வரி. ஒரு மிரட்டல் இல்லை. சட்டத்தின் பெயர்கூட இல்லை. மிரட்டல் இல்லாத கடிதத்துக்குப் பதில் வந்து நான் பார்த்ததில்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

சனிக்கிழமை பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்தார், வரவில்லை. அம்மா குருசுக்குப்பத்திலிருந்து போன் செய்து, அண்ணன் சீட்டு பார்த்து வைக்கட்டுமா என்று கேட்டது கீழே எனக்கே கேட்டது. "பாக்கச் சொல்லும்மா" என்றார்.

அடுத்த வருஷம் அவர் என் மேல்மாடியை விட்டுப் போனது, அடுத்த ஆட்டத்துக்குக் கடல் வேண்டும் என்று குருசுக்குப்பத்துக்கே. அண்ணனிடம் போகவில்லை. அதற்குள் ஆட்டத்தில் வைத்த ஏலக்கார அம்மாளின் குரலை எந்தெந்த நாட்டிலோ கேட்டார்கள். அதெல்லாம் பிறகு. அந்தத் திங்கட்கிழமை காலையில் எங்களுக்கு அது எதுவும் தெரியாது. திருவிழா தொடங்கிவிட்டது; கடையில் அவர் ஆட்டம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று இருந்தது. என் போனில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மத்தியானம் ஆகப்போகிற நேரம், படியில் தடதடவென்று சத்தம். நேராக இறங்கி வந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கச் சுவரும் உரச.

"எழுதிட்டா மதாம்!"

"புகாரை வாபஸ் வாங்கிட்டாளா?"

"வாங்கிட்டா, வாங்கிட்டா. அது மேல இருக்கு. கீழப் படிங்க."

மேலேதான் படித்தேன். நான் காசு கட்டி வாங்கியதால் அது என்னுடையது என்று நினைத்துவிட்டேன், பாட்டை வெளியிடும் நிறுவனத்தின் படிவத்தில் இசை உங்களுடையதா என்று கேட்டிருந்தார்கள், ஆமாம் என்று போட்டேன், யார் மேலும் புகார் போகும் என்று எனக்குத் தெரியாது, நிறுத்தச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள். மொத்தத்தில், படிக்காமல் கையெழுத்துப் போட்டவள். என் அலுவலகத்துக்கு முப்பத்தோரு வருஷம் வந்துபோன அத்தனை பேரையும் போல.

"கீழ, கீழ" என்றார்.

கடைசியில் தனியாக ஒரு வரி இருந்தது. இதை வாசித்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? நடுவில் ஓர் இடத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது, நீங்கள் கவனித்தீர்களா?

என் போனில் சாம்பல் கட்டம் போய், பஸ் ஸ்டாண்டும் கௌண்டரும் வந்திருந்தன. "தம்பி, வந்துடுச்சு பாருங்க" என்று அவர் பக்கம் நீட்டினேன். "ம்" என்றார். பார்க்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து, இரண்டு கட்டை விரலாலும் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதறீங்க?"

"தெரியலன்னு எழுதிட்டேன் மதாம். வயசானவரா, சளி புடிச்சவரான்னு அவளைக் கேக்கறேன்."